தங்கை விற்க மறுத்த ஹார்ட் டிஸ்குகள்

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாய் பட்டணத்தில் நானும் என் தங்கையும் நடத்திய கடைக்கு முறையான பெயர்ப்பலகை இருந்தது. ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "அக்கா தங்கச்சி கடை" என்றால்தான் தெரியும். போட்டோஸ்டெட் நகல், ஐசி எனும் அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம், அரசாங்க உதவிக்கு மனு, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம், பேங்க் காகிதம் என எல்லாவற்றுக்கும் எங்களிடம் வருவார்கள். படம் பிடிப்பதும் ஆள்களோடு பேசுவதும் என் வேலை. மெசின்கள் எல்லாம் அவள் பொறுப்பு.

நாங்கள் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். தோட்டம் கைமாறியபோது அங்கிருந்த குடும்பங்கள் பட்டணத்தைச் சுற்றியுள்ள மலிவு வீடுகளுக்கு வந்துவிட்டன. அவர்களில் பாதிப் பேர் எங்கள் வாடிக்கையாளர்கள். ஐசியையும் பிறப்புப் பத்திரத்தையும் மேசைமேல் வைத்துவிட்டு, "பாத்து செய்யுமா, நான் மீன் வாங்கிட்டு வந்துர்றேன்" என்று போய்விடுவார்கள். திரும்பி வந்து சரிபார்ப்பதுகூடக் கிடையாது. அப்படி நம்பிக் கொடுத்த காகிதங்கள் எத்தனையோ வருடங்களாக எங்கள் கம்ப்யூட்டர்கள் வழியாகப் போய்க்கொண்டிருந்தன.

கட்டடத்தின் சொந்தக்காரர் அந்த வரிசைக் கடைகளை விற்றுவிட்டார். அதோடு, இப்போது பாதி வேலையை மக்கள் கைப்பேசியிலேயே முடித்துக்கொள்கிறார்கள். கடையை மூடிவிட்டு, என் வீட்டு முன்னறையில் சிறிய அளவில் தொடர்வது என்று நானும் தங்கையும் முடிவு செய்தோம். பழைய கம்ப்யூட்டர்களையும் பெரிய போட்டோஸ்டெட் மெசினையும் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கோலா சிலாங்கூரிலிருந்து பழைய சாமான் வாங்கும் ஒருவர் லோரியோடு வந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். சாமான்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். எனக்குப் பிடித்திருந்தது.

தங்கை சொன்னாள், "அண்ணே, பெட்டிய எடுத்துக்குங்க. ஹார்ட் டிஸ்க் வராது."

"என்னா தங்கச்சி, டிஸ்க் இல்லாத பெட்டிய வெச்சி நான் என்னா பண்றது? யாரு வாங்குவா? நானே கிளீனா போர்மேட் பண்ணிடுவேன் லா."

"உங்கள நம்பாம இல்லண்ணே. அதுக்குள்ள இருக்கிறது எங்க சாமான் இல்ல. ஊர் ஜனங்களோடது. அத விக்கிறதுக்கு எங்களுக்கு உரிமை கிடையாது."

அவர் விலையைக் குறைத்தார். அவள் அசையவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் தங்கையைப் பார்த்தேன். "யோசிச்சிட்டு கோல் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுக் குடுத்தா போதாதா?" என்று கேட்டேன்.

"அக்கா, அழிக்கிறதுன்னா புஸ்தகத்துல பொருளடக்கத்த மட்டும் கிழிக்கிற மாதிரி. பக்கமெல்லாம் உள்ளயேதான் கெடக்கும். தேடத் தெரிஞ்சவன் எடுத்துடுவான்."

அவள் அதைச் சும்மா சொல்லவில்லை. கடை ஆரம்பித்த புதிதில், கைச்செலவுக்குச் சிரமமாக இருந்த நேரத்தில், ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய ஒரு ஹார்ட் டிஸ்கைப் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மலிவாக வாங்கி வந்திருந்தாள். காலியாக இருந்த அதை, பழுது இருக்கிறதா என்று ஒரு மென்பொருளை வைத்துச் சோதித்தபோது, முன்பின் தெரியாத ஒரு குடும்பம் திரையில் வந்து நின்றதாம். பிறந்தநாள் படங்கள், சம்பளச் சீட்டுகள், யாரோ ஒருவரின் மருத்துவ அறிக்கை. உடனே மூடிவிட்டாளாம். "ஒருத்தங்க வீட்டு ரூம்ல தெரியாம நொழஞ்ச மாதிரி இருந்துச்சிக்கா" என்றாள். அன்று முதல் எங்கள் கடையில் கெட்டுப்போன டிஸ்க் ஒன்றைக்கூட அவள் வெளியே விடவில்லை. எல்லாவற்றையும் துணியில் சுற்றி பிஸ்கட் டின்களில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்திருந்தாள். அந்த டின்களில் ஏதோ ஸ்பேர் பாகங்கள் இருப்பதாகவே நான் நினைத்திருந்தேன்.

அதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது போட்டோஸ்டெட் மெசின்தான். "அதுக்குள்ளயும் ஒரு டிஸ்க் இருக்குக்கா" என்று சொல்லி, பின்பக்க மூடியைத் திருகித் திறந்து காட்டினாள். உள்ளங்கை அளவில் கறுப்பாக ஒன்று. நகல் எடுத்த காகிதங்களின் பிம்பத்தை அந்த மாதிரிப் பெரிய மெசின்கள் உள்ளே சேமித்து வைத்துக்கொள்ளுமாம். எத்தனை ஐசிகளை அந்தக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்திருப்பேன்! அது வெறும் வெளிச்சம் என்றே நினைத்திருந்தேன்.

இதெல்லாம் நடந்த சில நாள்களில்தான் அத்தை வந்தார்.

அத்தை எங்களுக்கு இரத்தச் சொந்தம் இல்லை. எங்கள் அப்பாவோடு ஒரே மண்டோர் கங்காணியின் கீழ் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டியவர். அப்பாவை அண்ணன் என்று அழைத்ததால் எங்களுக்கு அத்தை. நாங்கள் மாதா கோயில், அவர் மாரியம்மன் கோயில். புருசன் இறந்து நாளாகிவிட்டது. ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அத்தையின் குரல் ஊருக்கே தெரியும். தோட்டத்தில் குழாய்த் தண்ணீர் வராதபோது மேனேஜர் வீட்டு வாசலில் காலி வாளியோடு நின்று சத்தம் போட்டவர். கடைக்குள் நுழைவதற்கு முன்பே, "ஏய், ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?" என்ற சத்தம் வரும்.

அன்று காலை சத்தமே இல்லாமல் உள்ளே வந்து நின்றார். கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பாப்பா, இந்தப் போன்ல பேங்க்ல இருந்து காசு மாத்தணும். கொஞ்சம் செஞ்சி குடு" என்று தங்கையிடம் கிசுகிசுத்தார்.

"யாருக்கு அத்தை?"

"வீடு... வீடு வாங்குறதுக்கு."

அத்தை வீடு வாங்குகிறார் என்றால் ஊருக்கே தெரிந்திருக்கும். தங்கை அவரையே பார்த்தாள். பிறகு அவள் கண் கைப்பைமீது போனது. திறந்திருந்த பையின் வாய்க்குள் கைப்பேசித் திரை எரிந்துகொண்டிருந்தது. அழைப்பு துண்டிக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பேசுவதை யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கை ஒரு தாளை எடுத்து, "யார் அது?" என்று பெரிய எழுத்தில் எழுதி அத்தையின் முன் நகர்த்தினாள். அத்தை படித்துவிட்டு, உதட்டில் விரல் வைத்தார். பென்சிலை வாங்கி எழுதினார்: போலீஸ்.

தங்கை பைக்குள் கைவிட்டு அழைப்பைத் துண்டித்தாள்.

"ஐயோ! என்னா பண்ணிட்டே? இப்ப என்னைய அரஸ்ட் பண்ணிடுவாங்க!" அத்தையின் குரல் அப்போதுதான் அவர் குரலாக வந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வந்தது. முந்தைய நாள் ஒரு பெண் அழைத்து, அத்தையின் பெயரில் வந்த பார்சலில் கள்ள ஐசிகள் இருந்ததாகச் சொல்லியிருக்கிறாள். உடனே ஒரு "போலீஸ் அதிகாரி"க்கு அழைப்பை மாற்றியிருக்கிறாள். அவன் மிரட்டியிருக்கிறான். கோர்ட்டில் வழக்கு இருக்கிறது, விசாரணை முடியும்வரை உன் சேமிப்பைப் பத்திரமான ஒரு கணக்குக்கு மாற்று, யாரிடமும் சொல்லாதே, சொன்னால் அவர்களையும் பிடிப்போம் என்று. அத்தை அன்றே பேங்க் மெசினில் அவன் சொன்ன கணக்குக்குக் கொஞ்சம் பணம் போட்டுவிட்டார். மிச்சம் முழுவதையும் அனுப்பச் சொல்லித்தான் அவன் காதிலேயே இருந்தான்.

"அவனுக்கு என் ஐசி நம்பர் தெரியுது. செத்துப்போன மனுசன் பேரு தெரியுது. நாம இருந்த பழைய தோட்டத்துப் பேருகூடத் தெரியுது. அப்புறம் எப்படி நான் நம்பாம இருப்பேன்?" என்று கேட்டார்.

கைப்பேசி மறுபடி அடித்தது. அத்தை பதறி எழுந்தார். நான் அதைப் பிடுங்கி அணைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். தங்கை என்னைத் தடுத்தாள். கார் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"அத்தை, அவன் போலீஸ்தானே? வாங்க, நாமளே போலீஸ் ஸ்டேசனுக்குப் போயிடுவோம். எதுவா இருந்தாலும் நேர்ல கேட்டுக்கலாம்."

அதற்கு அத்தையால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. கடையைப் பாதி இழுத்து மூடிவிட்டு மூவரும் கிளம்பினோம். வழியெல்லாம் கைப்பேசி அடித்துக்கொண்டே வந்தது. அத்தை அதை மடியில் வைத்து முந்தானையால் மூடியிருந்தார்.

நிலையத்தின் முகப்பில் ஒரு மலாய்ப் பெண் அதிகாரி இருந்தார். தங்கை மலாயில் விசயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கைப்பேசி மறுபடி அடித்தது. அந்த அதிகாரி கையை நீட்டி வாங்கி, சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். ஆண் குரல் ஒன்று சீறியது: ஏன் துண்டித்தாய், வீட்டுக்கே வந்து விலங்கு மாட்ட வேண்டுமா?

அதிகாரி பொறுமையாக முழுவதையும் கேட்டார். பிறகு தன் பதவியையும் பெயரையும் சொல்லி, "நீங்கள் எந்த நிலையம்? உங்கள் அதிகாரி எண் என்ன?" என்று மலாயில் கேட்டார். உடனே அழைப்பு அறுந்தது.

அத்தை அந்தக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டானா?" என்றார்.

"ஆமா அத்தை. அவன்தான் பயந்துட்டான்."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, தமிழில் அவனைத் திட்டினார். இங்கே எழுத முடியாத வார்த்தைகள். மொழி புரியாவிட்டாலும் அந்த அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புகார் எழுதி, பேங்குக்குத் தகவல் சொல்லி, கணக்கை முடக்கி வைத்தார்கள். முதல் நாள் போனது போனதுதான், திரும்பவில்லை. ஆனால் அத்தை வாழ்நாள் முழுவதும் மரம் வெட்டியும் செம்பனைப் பழ உதிரி பொறுக்கியும் சேர்த்தது தப்பித்தது.

நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அத்தையின் மகன் சிங்கப்பூரிலிருந்து அழைத்தான். அம்மாவுக்கு ஆபத்து வந்த நேரத்தில் பக்கத்தில் இல்லையே என்ற ஆத்திரம் அவனுக்கு. பழைய தோட்டத்துக் குடும்பங்கள் எல்லாம் இருக்கும் கைப்பேசிக் குழுவில் அவன் எழுதினான்: அம்மாவின் ஐசி, அப்பாவின் இறப்புப் பத்திரம், பேங்க் காகிதம் எல்லாம் அந்தக் கடையில்தான் கொடுத்தோம். வேறு எங்கிருந்து போயிருக்கும்?

அன்று மாலைக்குள் எல்லோரும் படித்துவிட்டார்கள். மறுநாள் நகல் எடுக்க வந்தவர்கள் மெசின் பக்கத்திலேயே நின்று, தாள் வெளியே வரும்வரை பார்த்தார்கள். என்னோடு தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், மேசைமேல் வைத்த ஐசியை, "இல்ல, அப்புறமா வரேன்" என்று திரும்ப எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் அடுப்படியில் நின்று அழுதேன். என் வீட்டுக்காரர் தோட்டத்து வர்க்ஷாப்பில் டிராக்டர் மெக்கானிக். சத்தமாகப் பேசாத மனிதர். அவரே சட்டையை மாட்டிக்கொண்டு, "அந்தப் பையனுக்குப் போன் போடு, நான் பேசுறேன்" என்றார்.

"வேணாம் மாமா" என்றாள் தங்கை. "அவன் கேட்டதுல தப்பே இல்ல. எங்க அம்மாவா இருந்தா நானும் இதத்தான் கேப்பேன். நியாயமான கேள்வி. கோவப்படக் கூடாது, பதில் சொல்லணும்."

அவள் எனக்குப் பல வயது இளையவள். அவள் பள்ளிக்கு நான்தான் தலை பின்னி அனுப்பினேன். அன்று அடுப்படி வாசலில் நின்று அவள் அதைச் சொன்னபோது, என் அழுகை நின்றுவிட்டது.

அவள் குழுவில் எழுதிய பதில் சின்னது. எங்கள் கடையில் இருந்த எந்த டிஸ்கும் வெளியே போகவில்லை, எல்லாம் எங்களிடமே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்துக்கு எல்லோரும் வாருங்கள், எல்லாவற்றையும் உங்கள் கண்ணெதிரில் காட்டி உடைக்கிறோம். உங்கள் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருந்தாலும் கொண்டுவாருங்கள். அவ்வளவுதான். ஒரு கோபச் சொல் இல்லை.

அந்த வாரம் முழுவதும் அவள் டிஸ்குகளை ஒவ்வொன்றாக மாட்டி, அவற்றின்மேல் அர்த்தமில்லாத எழுத்துகளை முழுவதுமாக எழுதவிட்டாள். "உடைக்கத்தானே போறோம், இது எதுக்கு?" என்று கேட்டேன். "வேலை செய்யிற டிஸ்க்க முதல்ல மேலெழுதி அழிக்கணும்க்கா. அப்புறம் உடைக்கணும். ரெண்டும் செஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் எதிர்பார்த்ததைவிட அதிகமான கூட்டம். பூசைக்கு வந்தவர்கள், கோயில் கமிட்டி ஆட்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். சண்டை வரும் என்று நினைத்து வந்தவர்களும் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் வர்க்ஷாப்பில் அனுமதி வாங்கி, துளைபோடும் மெசினையும் இடுக்கியையும் பாதுகாப்புக் கண்ணாடிகளையும் கொண்டுவந்து நீளமேசையில் பொருத்தினார். கடைக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன.

தங்கை முதலில் ஒரு வேடிக்கை செய்தாள். எனக்கு எடுத்த ஒரு பாஸ்போர்ட் படத்தைத் திரையில் போட்டாள். கண் பாதி மூடி, வாய் கோணி, மிக மோசமான படம். மண்டபம் சிரித்தது. "இப்ப எங்க அக்கா மானத்தக் காப்பாத்துறேன்" என்று அதை அழித்தாள். குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். டிஸ்கையே போர்மேட் செய்தாள். "போயிடுச்சா?" என்று கேட்டாள். "போச்சி, போச்சி" என்றார்கள். பிறகு ஏதோ ஒரு மென்பொருளை ஓடவிட்டாள். கொஞ்ச நேரத்தில் நான் மறுபடி கண் பாதி மூடித் திரையில் வந்து நின்றேன். இந்தமுறை சிரிப்பு பாதியில் நின்றது. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் இருப்பதை நினைத்துப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது.

பிறகு அவள் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, உள்ளே டிஸ்க் இருந்த இடத்தைக் காட்டி, எடுத்த டிஸ்கைக் காட்டினாள். போட்டோஸ்டெட் மெசினில் இருந்ததைக் காட்டியபோது, "இதுலயுமா?" என்று ஒரே சலசலப்பு. பிஸ்கட் டின்களைத் திறந்து, பழைய காலத்து டிஸ்குகளையும் வெளியே வைத்தாள். "கடை தொறந்த நாள்ல இருந்து கெட்டுப்போனதெல்லாம் இதுதான். உங்க முகமெல்லாம் இதுக்குள்ளதான் இருந்துச்சி. நான் யாருக்கும் குடுக்கல" என்றாள்.

என் வீட்டுக்காரர் துளைபோடத் தொடங்கினார். சுழலும் தட்டுகளை ஊடுருவும்படி ஒவ்வொன்றிலும் பல துளைகள். இரும்புத்தூள் மினுக்கிக்கொண்டு விழுந்தது. லேப்டாப்பில் வரும் சிறிய டிஸ்குகளில் சிலவற்றுக்குள் கண்ணாடித் தட்டு. துளை பட்டதும் உள்ளேயே நொறுங்கிவிடும். தங்கை அதைக் கூட்டத்தில் ஒருவரிடம் கொடுத்து ஆட்டச் சொன்னாள். கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வந்தது. தட்டே இல்லாத புது மாதிரிக்குத் துளை போதாது, உள்ளே இருக்கும் சில்லுகளை ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும் என்று சொல்லி, ஒன்றைச் சுத்தியலால் உடைத்தும் காட்டினாள்.

எல்லாம் முடியும் நேரத்தில், கூட்டத்தின் நடுவிலிருந்து அத்தை எழுந்தார். பேசுவதாக எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. மகன், வெளியே யாரிடமும் சொல்லாதே, அவமானம் என்று சொல்லி வைத்திருந்தான் என்பதும் எங்களுக்குத் தெரியும். அவன் அன்று சிங்கப்பூரிலிருந்து வந்து, மண்டபத்தின் கடைசியில் கைகட்டி நின்றிருந்தான்.

"எல்லாரும் மெதுவா பேசிக்கிறீங்க, நானே சத்தமா சொல்லிடுறேன்" என்றார் அத்தை. "என்னைய ஏமாத்திட்டாங்க. போலீஸ்னு சொன்னான், நம்பிட்டேன். மேனேஜருக்கே பயப்படாதவ, போன்ல ஒரு குரலுக்குப் பயந்துட்டேன். ஏன் தெரியுமா? யார்கிட்டயும் சொல்லாதன்னான். ஒரு ராத்திரி முழுக்க நான் யார்கிட்டயும் பேசல. பேசாம இருந்ததாலதான் பயம் பெருசாச்சி. இந்தப் பொண்ணு போனை வெட்டுனப்புறம்தான் எனக்கு என் மூளை திரும்பி வந்துச்சி. இந்தக் கடையில இருந்து ஒன்னும் போகல. அப்படி நெனச்சவங்க என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க. இனிமே எவனாச்சும் போன் பண்ணி, சொல்லாதன்னா, மொதல்ல என்கிட்ட வந்து சொல்லுங்க. நான் பேசிக்கிறேன்."

பிறகு ஒருவர் எழுந்தார், லோரி ஓட்டுபவர். டயர் விற்பதாக வந்த விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி, டயரே வராததை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்றார். மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. வீட்டில் கேக் செய்து விற்கும் ஒரு ஆசிரியை, கைப்பேசியில் காட்டிய பொய் ரசீதைப் பார்த்து கேக்கைக் கொடுத்துவிட்டதைச் சொன்னார். கைப்பேசிக்குக் கல்யாணப் பத்திரிகை என்று வந்ததைத் தட்டி ஏதோ பதிவிறங்கி, கணக்கே காலியான கதையை இன்னொருவர் சொன்னார். அதுவரை ஆளாளுக்குத் தனித்தனியாக மூடி வைத்திருந்தது, அத்தை ஒருவர் எழுந்து நின்றதால் வெளியே வந்தது. நான் மேசையருகில் இரும்புத்தூளைக் கூட்டிக்கொண்டே கேட்டேன். எங்கள் சனம் அன்று எனக்கு மிகப் பெரிதாகத் தெரிந்தது.

அத்தையின் மகன் கடைசியில் மேசைக்கு வந்தான். கையில் அவன் கல்லூரியில் பயன்படுத்திய பழைய லேப்டாப்.

"அக்கா, இது அம்மா அலமாரியில கெடந்துச்சி. பழைய சாமான்காரனுக்குப் போடலாம்னு இருந்தேன்" என்றான். பிறகு தலையைத் தூக்காமல், "குரூப்புல நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது" என்றான்.

தங்கை அவனிடம் பாதுகாப்புக் கண்ணாடியைக் கொடுத்தாள். "மொதல்ல உனக்கு வேண்டிய படமெல்லாம் இருக்கான்னு பாத்து எடுத்துக்க தம்பி. அப்புறம் நீயே துளை போடு."

அவன் அப்பாவின் கடைசிக் காலத்துப் படங்கள் சில அதில் இருந்தன. அவற்றைக் காப்பாற்றிக் கொடுத்த பிறகுதான் உடைத்தார்கள். அன்று மாலையே அவன் குழுவில் எழுதினான். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், அந்த அக்காக்கள் இல்லையென்றால் அம்மாவின் சேமிப்பு இல்லை என்று. மறுநாள் என் பள்ளித் தோழி ஐசியோடு கடைக்கு வந்தாள். அதை மேசைமேல் வைத்தாள். வீட்டுக்கென்று வாங்கியிருந்த சின்ன மெசினில் நான் நகல் எடுத்துக் கொடுத்தேன். அதற்குமேல் எங்களுக்குப் பேச்சுத் தேவைப்படவில்லை.

அத்தையின் விவரங்கள் எங்கிருந்து போயின என்பது கடைசிவரை தெரியவில்லை. எங்கிருந்து வேண்டுமானாலும் போயிருக்கலாம் என்றுதான் போலீசார் சொன்னார்கள். அழைத்தவனும் அகப்படவில்லை. அது எனக்கு இன்னும் கசப்புதான்.

பழைய சாமான்காரரைத் தங்கையே அழைத்து, டிஸ்க் இல்லாத பெட்டிகளை அவர் குறைத்துச் சொன்ன விலைக்கே கொடுத்தாள். உடைந்த டிஸ்குகள் எல்லாம் மின்சாதனக் கழிவு சேகரிக்கும் இடத்துக்குப் போயின. சில மாதம் கழித்து அதே மனிதர் எங்கள் வீட்டு வாசலில் லோரியை நிறுத்தினார். மண்டபத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டாராம்.

"தங்கச்சி, இப்பல்லாம் குடுக்கிறவங்க டிஸ்க்க என்னா பண்ணுவேன்னு கேக்குறாங்க லா. எனக்குப் பதில் தெரியல. நான் வாங்குற பெட்டியெல்லாம் இங்க கொண்டாறேன். நீயே கழட்டி அழிச்சிக் குடுக்குறியா?"

அதுதான் இப்போது அவள் முக்கிய வேலை. வீட்டின் பக்கவாட்டில் என் வீட்டுக்காரர் தகரக் கூரை போட்டு ஒரு கொட்டகை கட்டிக் கொடுத்திருக்கிறார். சின்னக் கிளினிக்குகள், கோயில் அலுவலகங்கள், டியூசன் நிலையங்கள் என்று ஆட்கள் வருகிறார்கள். கொடுப்பவர் விரும்பினால், அவர் கண்ணெதிரிலேயே துளை போடுவாள்.

போன மாதம் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து ஒரு கோயில் மாதர் குழு அவளைப் பேச அழைத்தது. அத்தையும் வருவேன் என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்பே காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வயல்களையும் தென்னந்தோப்புகளையும் தாண்டிப் போகும்வரை, தான் என்ன பேசப்போகிறேன் என்பதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். அங்கே முதலில் பேசியதும் அவர்தான். ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்.

பிறகு தங்கை மேசைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். நான் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண் குனிந்து, "ரொம்ப நல்லா சொல்றாங்க. யாரு இவங்க, டீச்சரா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன். "என் கூடப் பொறந்தவ."